‘சி.பி.’ என்பதை யார் சொல்வது, எப்போது?

கோவையின் பெரிய மருத்துவமனைகளில் குழந்தைகள் நரம்பியல் பிரிவின் முன்னால் காலையில் காத்திருப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். கோபி, அந்தியூர், தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி என்று முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். மடியில் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை. பக்கத்தில் ஒரு தடித்த ஃபைல். பிறந்தபோது எடுத்த தலை ஸ்கேன், வலிப்பு மருந்துச் சீட்டு, பிசியோதெரபி அட்டை எல்லாம் அதில் அடுக்காக இருக்கும். குழந்தைக்கு என்ன என்று கேட்டால், “வளர்ச்சி கொஞ்சம் லேட்டுங்க” என்பார் அம்மா. ஃபைலைப் புரட்டினால் ஏதோ ஒரு தாளில் ‘சி.பி.’ என்று இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் கிடக்கும். எழுதியவர் அதை அந்தத் தாயிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.

சொல்லாமல் விடுவதை நம் மருத்துவ உலகம் கருணை என்று நம்புகிறது. இப்போதே சொன்னால் அந்தப் பெண் உடைந்துவிடுவாள், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம், தெரபி மட்டும் தொடரட்டும் என்பது வழக்கமான நியாயம். என்னைக் கேட்டால் இதில் கருணையைவிடத் தயக்கம்தான் அதிகம். அந்த ஆறு மாதம் ஒரு வருடமாகிறது, இரண்டு வருடமாகிறது. தள்ளிப்போட்ட காலத்துக்கான விலையைக் கொடுப்பது குழந்தையின் உடம்பும் தாயின் மனமும்தான்.

செரிப்ரல் பால்சி, தமிழில் மூளை முடக்குவாதம், ஒற்றை நோய் அல்ல. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில மாதங்களிலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பால் அசைவும் உடல்நிலைப்பாடும் குலைவதைக் குறிக்கும் பொதுப்பெயர். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு மேலும் பெருகுவதில்லை. ஆனால் அதைச் சுமக்கும் உடல் வளர்கிறது. தசை இறுகுகிறது, எலும்பு இடம் மாறுகிறது. இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கணிக்கின்றன. ஒருவருக்கு ஒரு கால் மட்டும் லேசாக இழுக்கும். இன்னொருவருக்குத் தலைகூட நிற்காது. சுமார் பாதிப்பேருக்கு அறிவுத்திறனில் குறை உண்டு. மீதிப் பாதிப்பேருக்கு இல்லை. இந்தக் கடைசி விவரத்தைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. அவர்கள் சி.பி.யையும் அறிவுத்திறன் குறைவையும் ஒன்றென்றே நினைத்து வருடக்கணக்கில் வாழ்கிறார்கள்.

மருத்துவர் சொல்லாவிட்டாலும் தாய்க்குத் தெரியும். பெரும்பாலும் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே அவர் வாயிலிருந்து வரும் வாக்கியம், “கழுத்து நிக்கலைங்க.” வீட்டில் அதற்குப் பதில் தயாராக இருக்கும். “அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்.” பதில் பாட்டியுடையது, தவறான நோக்கம் ஒன்றும் இல்லை. உரம் விழுந்திருக்கும் என்பார்கள், வேட்டியில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். தொக்கம் எடுக்க ஒருவரிடம், குலதெய்வத்துக்கு ஒரு கிடா, அப்புறம் பாலக்காடு தாண்டிக் கேரளத்தில் எண்ணெய் வைத்தியம். இதில் ஒவ்வொன்றையும் ஏளனம் செய்ய நான் தயாரில்லை. பண்ணாரி அம்மன் தவணையில் காசு கேட்பதில்லை. எண்ணெய் தேய்ப்பதால் கால் கெட்டுவிடாது. ஆனால் ஸ்டெம் செல் செலுத்தினால் நடந்துவிடுவான் என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் வேறு ரகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு செலுத்தக் கூடாது. நோயின் பெயரே தெரியாத குடும்பம் இந்த விதியை எங்கே போய்த் தேடும்? தோட்டத்தை அடமானம் வைத்த பிறகுதான் தெரிகிறது.

எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியும் என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 2017-ல் எழுதிய கட்டுரை, ஒன்று முதல் இரண்டு வயதில் சொல்லப்பட்டுவந்த இந்த முடிவை ஆறு மாத வயதுக்கு முன்பே எட்டலாம் என்றது. அதற்கான வழிகள் மூன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவான நரம்பியல் பரிசோதனை இன்னொன்று. அதற்கு மருத்துவரின் கையும் கண்ணும் ஒரு தாளும் போதும். மூன்றாவது, ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்தது. மூன்றிலிருந்து ஐந்து மாதக் குழந்தை மல்லாந்து படுத்துக் கைகால் ஆட்டுவதைச் சில நிமிடம் பார்ப்பது, அவ்வளவுதான். இயல்பாக வளரும் குழந்தைகள் அந்த வயதில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக நெளிவார்கள். அந்த நெளிவு இல்லையென்றால் எச்சரிக்கை. பயிற்சி பெற்றவர் பார்ப்பதற்குச் செல்போன் வீடியோவே போதும். ஸ்கேன் செலவுக்கு அஞ்சும் குடும்பத்திலும் செல்போன் இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்க்கப் பயின்ற கண்கள்தான் குறைவு.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. 1982-ல் அமெரிக்காவில் கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லென்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதில் சி.பி. என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு ஏழு வயதில் அது இல்லை. மருத்துவர்கள் தயங்குவதன் வேர் இங்கே இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தின் தூக்கத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஆனால் அப்படி வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் லேசான அறிகுறி கொண்டவர்கள். அன்றைய பரிசோதனைகளும் இன்றையவை அல்ல. நோவாக் குழுவின் 2017 கட்டுரை இதற்கொரு நடுவழியும் தருகிறது. உறுதியாகச் சொல்ல முடியாதபோது ‘சி.பி. வரும் அபாயம் அதிகம்’ என்று சொல்லி, சி.பி.க்கான கவனிப்பை அன்றே தொடங்கிவிடு என்கிறது. நம் ஃபைல்களில் இருக்கும் கேள்விக்குறிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அந்தக் கேள்விக்குறியைத் தாளில் மட்டும் விடாமல் தாயிடமும் சொல்ல வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்பதற்கு இடுப்பு மூட்டைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. சி.பி. உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவுகிறது. நழுவும்போது வலிக்காது. குழந்தை அழாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து வயதில் உட்கார முடியாமல் கதறும்போதுதான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அப்போது செய்ய மிச்சமிருப்பது பெரிய அறுவைச் சிகிச்சை, சில நேரம் அதுவும் இல்லை. தெற்கு சுவீடனில் 1994-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சி.பி. உள்ள ஒவ்வொரு குழந்தையையும் பதிவேட்டில் சேர்த்து, குறித்த காலத்தில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கியதுமே தடுப்பது. மூட்டு முழுதாகக் கழன்றுபோவது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. அதன் அடிப்படை எக்ஸ்ரேயும் பதிவேடும்தான். ஆனால் பதிவேட்டில் சேர்க்கக் குழந்தையின் பாதிப்புக்கு ஒரு பெயர் வேண்டும். ‘வளர்ச்சி லேட்’ என்ற குழந்தைக்கு யாரும் இடுப்பு எக்ஸ்ரே எழுதுவதில்லை. எலும்பு அறுவைக்கு உலகமே திரும்பிப் பார்க்கும் ஊர் கோயம்புத்தூர். இங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவிலிருக்கும் குழந்தையின் இடுப்பு யாருக்கும் தெரியாமல் கழன்றுபோவதை எந்த நியாயத்தில் அடக்குவது?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இடுப்பைப் பற்றியது அல்ல. “எப்ப நடப்பானுங்க?” இதற்கு “பாக்கலாம்மா” என்பதைவிட நல்ல பதில் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-ல் வகுத்த ஐந்து நிலை அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதே குழு 2002-ல் நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த நிலையிலிருக்கும் குழந்தை எந்த வயதில் எதுவரை எட்டும் என்று வரைபடம் போட்டுத் தந்தது. இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் உட்காரும் குழந்தை நடப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். உடல் அசைவில் எட்டக்கூடியதில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள்; கடும் பாதிப்பு என்றால் அதற்கும் முன்பே. இது தெரிந்த குடும்பம், பன்னிரண்டு வயது வரை நடைப் பயிற்சியிலேயே பணத்தையும் குழந்தையின் பால்யத்தையும் செலவிடாது. சக்கர நாற்காலியும் பள்ளிக்கூடமும் பேச உதவும் கருவியும் எப்போது வேண்டும் என்று யோசிக்கும்.

இனி, வீட்டுக்குள் நடக்கும் விசாரணை. என்ன நோய் என்பதைவிட யாரால் வந்தது என்பது அங்கே பெரிய கேள்வி. கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், ஏழாம் மாதத்தில் பைக்கில் போனாள், சொந்தத்தில் கட்டினதுதான் காரணம் என்று தீர்ப்பு எப்போதும் மருமகள் மேல் இறங்கும். அவள் தரப்பில் சொல்ல அவளிடம் இருப்பது ஒரே வாக்கியம். “பொறந்ததும் அழுகலைங்க.” அதற்குள் ஆஸ்பத்திரி மேல் ஒரு சந்தேகமும் ஒளிந்திருக்கும்.

இந்தச் சந்தேகத்துக்கு நூற்றறுபது வருட வரலாறு உண்டு. 1861-ல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர், கடினப் பிரசவத்துக்கும் குழந்தையின் விறைத்த கால்களுக்கும் தொடர்பு இருப்பதாக அறிக்கை வாசித்தார். 1897-ல் வியன்னாவின் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அதை மறுத்து எழுதினார்: பிரசவம் கடினமானதே கருவில் முன்பே ஏதோ கெட்டுப்போனதன் அறிகுறியாக இருக்கலாம் என்று. அவர் பெயர் சிக்மண்ட் பிராய்ட். மனப்பகுப்பாய்வால் புகழ் பெறுவதற்கு முந்தைய பிராய்ட். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1980-களில், அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்த ஆய்வின் தரவுகளைக் கொண்டு மேற்சொன்ன நெல்சனும் எல்லென்பெர்க்கும், பிரசவ நேர மூச்சுத்திணறல் விளக்குவது சிறு பகுதியைத்தான் என்று காட்டினர். நம் நாட்டில் மூச்சுத்திணறலுக்கும் கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலைக்கும் பங்கு கூடுதல் என்பதும் உண்மை. குறைப்பிரசவம், தொற்று, கருவிலேயே நேர்ந்த ரத்த அடைப்பு, மரபணு எல்லாம் பட்டியலில் உண்டு.

மருத்துவர்களின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதை அவர்கள் மேடையில் சொல்வதில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதிலிருந்து ‘சி.பி.’ என்று சொன்ன அடுத்த நிமிடம் “அப்போ பிரசவம் பார்த்தவங்க தப்பா?” என்ற கேள்வி வரும் என்ற பயம் உண்டு. சக மருத்துவரைச் சிக்கவைக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். நோய் என்ன என்பதையும் காரணம் என்ன என்பதையும் தனித்தனியாகச் சொல்லப் பழகினால் இந்தப் பயத்துக்கு வேலையில்லை. காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியம் பல பெண்களுக்கு மருந்துச் சீட்டைவிடப் பயன்படும்.

மரபணு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதத்தினர் சொந்தத்தில் மணந்தவர்கள். முறைமாமன், அத்தை மகன் என்ற உரிமை கொங்கில் இன்னும் உயிருடன் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதாலேயே சி.பி. வந்தது என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், பிரசவமும் சிக்கலில்லாமல் இருந்து, குழந்தைக்கு மட்டும் சி.பி. போலத் தெரிந்தால் மரபணுவைப் பார்த்தாக வேண்டும். அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவு அதில் தொங்குகிறது. சில நேரம் சிகிச்சையே தொங்குகிறது. கலிபோர்னியாவின் இரட்டையர்கள் நோவா, அலெக்சிஸ் பீரிக்கு இரண்டு வயதில் சி.பி. என்றார்கள். காலையில் ஓரளவு நன்றாக இருக்கும் மகள் மாலைக்குள் தளர்ந்துபோவதைக் கவனித்த தாய் விடாமல் தேடினார். அது லெவோடோபா என்ற பழைய, மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படும் வேறு நோய் என்று தெரிந்தது. 2011-ல் மரபணு வரிசையாக்கம் இன்னும் துல்லியமான காரணத்தைக் காட்டியது. இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்தான். இருந்தாலும், ஒருமுறை சொன்ன பெயரைக் கல்வெட்டாக்காமல் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்கள் போதும். மரபணுக் காரணம் தெரிந்துவிட்டால் சி.பி. என்ற பெயரை எடுத்துவிடலாமா என்ற விவாதம் வந்தபோது, 2019-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வேண்டாம் என்று எழுதினர். பெயர் போனால் அந்தப் பெயரால் கிடைக்கும் தெரபியும் சலுகையும் போய்விடும் என்பது அவர்களின் கவலைகளில் ஒன்று.

அரசின் கையில் சட்டகம் இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஒன்றியந்தோறும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. ஆனால் வால்பாறையிலிருந்து இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடியிலிருந்து திம்பம் வழியாக இறங்க 27. கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாரம் மூன்று நாள் அதில் யார் வருவது? சமவெளியிலும் கதை எளிதல்ல. திருப்பூரில் பவர் டேபிளில் உட்காரும் பெண் ஒரு நாள் தெரபிக்குப் போனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு ஷிப்ட் குறையும். பிறகு வேலையையே விடுவார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்துக் கிராமத்தில் குழந்தையின் வீட்டுக்கு அனுப்புகிறது. கையிலிருக்கும் செயலி வழியாக நிபுணர் தொலைவிலிருந்து பார்த்து வழிகாட்டுகிறார். கொங்கின் மலையோர ஒன்றியங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி என் கண்ணில் படவில்லை.

பெயர் கடைசியில் அதிகாரபூர்வமாக வந்துசேரும் இடம் பெரும்பாலும் சான்றிதழ் முகாம்தான். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சி.பி.யைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அங்கே பெயரோடு ஒரு சதவீதமும் வரும். சலுகைகளுக்கு 40 வேண்டும். கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு அதற்கும் மிக மேலே வேண்டும். உதவித்தொகைக்காகச் சதவீதம் கூடவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அதே பெற்றோர், பள்ளியில் சேர்க்கும்போது அது குறைவாக இருந்திருக்கலாமே என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெற்றோர் பார்வை. சி.பி. உள்ளவர்களின் பார்வை வேறு. தலைக்கு மேலே பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டே அவர்கள் வளர்கிறார்கள். அவர்களிடம் நேராக யாரும் சொல்வதில்லை. பேச்சு குழறுவதைப் பார்த்துப் புத்தி இல்லை என்று முடிவுகட்டுவது பக்கத்து வீட்டார் மட்டுமல்ல. சி.பி. உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷை 2012-ல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சென்னையின் ராஜீவ் ராஜனுக்கும் விமான நிலையத்தில் இதே அனுபவம் நேர்ந்தது. மும்பையின் மாலினி சிப் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தே தன் கதையைப் புத்தகமாக்கினார். கோழிக்கோடு மாவட்டத்தின் ஏ.கே. சாரிகா 2024 ஏப்ரலில் வெளியான குடிமைப்பணித் தேர்வு முடிவில் 922-ஆம் இடம் பெற்றார், அவருக்கும் சி.பி. உண்டு. சாதித்தவர்களை வரிசையாக நிறுத்துவதில் எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தேர்வு எழுதாத, புத்தகம் போடாத ஒருவருக்கும் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அதே உரிமைதான். ஏன் கால் இறுகுகிறது, முப்பது வயதில் ஏன் இவ்வளவு சீக்கிரம் களைக்கிறது, வலி எதனால் என்பதை அவரிடம் விளக்க மருத்துவர் வேண்டும். குழந்தைகள் நரம்பியல் பிரிவு பதினெட்டு வயதோடு கைவிடுகிறது; அதற்குப் பிறகு எந்த வாசலுக்குப் போவது என்று கோவையிலும் தெளிவில்லை.

அந்தப் பதினெட்டு வயதில் வேறொரு சடங்கு நடக்கிறது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, சட்டபூர்வப் பாதுகாவலர் சான்று கேட்டுப் பெற்றோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். வங்கிக்கோ, ஓய்வூதியத்துக்கோ, சொத்துக்கோ அது தேவைப்பட்டிருக்கும். அறிவுத்திறன் குறைந்தவருக்கு இது பாதுகாப்பு. பேச்சு மட்டும் தெளிவில்லாதவருக்கு இது தன் கையெழுத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. இரண்டும் ஒரே படிவத்தில், ஒரே பெயரின் கீழ் வருகின்றன. ஆட்சியர் தலைமையிலான குழு பெற்றோரிடம் கேட்பதற்கு முன்னால், யாருக்காக விண்ணப்பம் வந்திருக்கிறதோ அவரிடம் முதல் கேள்வியைக் கேட்கலாம். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். எழுத்துப் பலகை தேவைப்படலாம். அதற்குத் தனி அரசாணை எதுவும் வேண்டியதில்லை.